பதினான்காம் எண் ரத்தம்

பீர்மேடு,
9 பிப்ரவரி 2025

பாலக்காடு, கல்பாத்தி ஜானவி அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் எண்ணை என் போனில் தடுத்து வைத்திருக்கிறேன். ஆனாலும் சொல்ல வேண்டியது இருப்பதால் தபாலில் எழுதுகிறேன். ‘நீங்கள்’ என்று எழுதுவதைப் பார்த்து ஆச்சரியப்பட வேண்டாம். கோட்டயம் ஹாஸ்டலில் மூன்று வருடம் ஒரே பக்கெட்டில் துணி நனைத்தவளை ‘நீ’ என்று கூப்பிட இப்போது எனக்கு மனசு வரவில்லை.

போன நவம்பரில் நீங்கள்தான் கேட்டீர்கள். தேயிலைக்குப் புதிதாக ஒரு இலைச்சத்து அடிக்கிறார்களே, அதில் துத்தநாகம் நானோ துகளாக, கண்ணுக்கே தெரியாத பொடியாக இருக்கிறது, அது மனித ரத்தத்தை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும் என்றீர்கள். உங்கள் ஆராய்ச்சிக்கு அந்த மருந்தை அடிப்பவர்கள் பத்துப் பேர், அடிக்காதவர்கள் பத்துப் பேர் ரத்தம் வேண்டும் என்றீர்கள். இந்த எஸ்டேட் டிஸ்பென்சரியில் ஆறு வருடமாக லேப் வேலை பார்க்கிறேன். தொழிலாளர் லயத்தில் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினேன். ஊசியைக் கண்டாலே பின்வாசல் வழியாக ஓடுகிற பெரியமுத்து அண்ணன்கூட, “நீ கேக்குறேன்னுதான் தாரேன்த்தா” என்று கையை நீட்டினார்.

இப்போது உங்கள் பேராசிரியர் ஏதோ கருத்தரங்கில் பேச, பேப்பரில் என்ன வந்தது தெரியுமா? ‘தேயிலைத் தோட்டத்தாரின் ரத்தத்துக்குக் கிருமியைக் கொல்லும் தெம்பில்லை.’ மலையாளத்தில் வந்தது, இரண்டு நாளில் தமிழிலும் வந்துவிட்டது.

என் தம்பி ஈஸ்வரனை உங்களுக்குத் தெரியும். மருந்து அடிக்கிற வேலை. போடியில் முருகேஸ்வரியோடு நிச்சயம் முடிந்து, மாசிக் கடைசியில் கல்யாணம் என்று இருந்தது. பெண்ணின் அப்பா ஆறுமுகசாமி போனில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “கோச்சுக்காதம்மா. ரத்தத்துல தெம்பு இல்லன்னு பேப்பர்லயே போட்டுட்டான். நாளைக்கு எம் பொண்ணுக்குப் பொறக்குற பிள்ளைக்கு என்னாகும்? கொஞ்ச நாள் பொறுத்துப் பாப்போம்.”

ஈஸ்வரன் சண்டை போடவில்லை, அழவில்லை. கையை நீட்டி நரம்பைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறான். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

இப்படிக்கு,
பூமாரி


கல்பாத்தி,
16 பிப்ரவரி 2025

பூமாரிக்கு,

உன் ‘நீங்கள்’ எனக்கு உறைத்தது. உறைக்க வேண்டும் என்றுதானே எழுதினாய்.

தலைப்பு நான் போட்டதல்ல. சார் பேசியது ஒன்று, அவர்கள் எழுதியது ஒன்று. ஈஸ்வரனுக்கு நேர்ந்தது அநியாயம், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கிருமி வளர்க்கும் தட்டில் நான் பார்த்ததை இல்லை என்று சொல்ல முடியாது, அதையும் நீ கேட்க வேண்டும்.

உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் ஈஸ்வரனுக்குப் படித்துக்காட்ட உதவும். ரத்தத்தின் தெளிந்த பகுதியான சீரத்தில் சில புரதங்கள் காவல் நிற்கின்றன. கிருமி வந்தால் அதன்மேல் ஒட்டி, ஓட்டை போட்டுக் கொன்றுவிடும். நானோ துகளைக் கலந்தால் அந்தப் புரதங்கள் கிருமியை விட்டுவிட்டுத் துகள்மேல் போய் ஒட்டிக்கொள்கின்றன. கல்யாண மண்டபத்து வாசலில் நிற்க வேண்டியவர்கள் எல்லாரும் ஐஸ்கிரீம் ஸ்டாலைச் சுற்றி நின்றால் செருப்பு திருட்டுப் போகாதா? அதுதான் கதை.

பாலக்காட்டில் எடுத்த பத்துப் பேரின் சீரத்தில், துகள் கலக்காமல் கிருமியை விட்டால் மறுநாள் தட்டு சுத்தமாக இருக்கிறது. துகள் கலந்தால் புள்ளி புள்ளியாகக் கிருமி முளைக்கிறது. உங்கள் இருபது பேரின் சீரத்தில் நான் துகளே கலக்கவில்லை, அப்போதே தட்டு முழுக்கப் புள்ளி. ஒருவர் விடாமல். மருந்து அடிக்காத பத்துப் பேருக்கும் அப்படித்தான். அதே காற்றைத்தானே சுவாசிக்கிறார்கள், துகள் ஏற்கெனவே உள்ளே போயிருக்கும் என்பது சாரின் கருத்து.

ஜூனில் நான் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். ஐந்து வருட வேலை. உன்மேல் எனக்குப் பிரியம் இல்லாமல் இல்லை பூமாரி. ஆனால் பிரியத்துக்காகப் புள்ளியை அழிக்க எனக்குத் தெரியாது.

ஜானவி


பீர்மேடு,
23 பிப்ரவரி 2025

ஜானவி அவர்களுக்கு,

ஐஸ்கிரீம் கதையை ஈஸ்வரனுக்குப் படித்துக்காட்டினேன். “அப்ப என் ரத்தத்துல ஆளே நிக்கலையாக்கா?” என்று கேட்டான். எழுந்து தேங்காய் துருவப் போனேன்.

நீங்கள் எண்களை மட்டும்தான் பார்த்தீர்கள். பெயர்ப் பட்டியல் என்னிடம் இருக்கிறது. மருந்து அடிக்காத பத்துப் பேரில் ஒன்பது பேர் கிடைத்த பிறகு, பத்தாவது ஆள் மழைக்குப் பயந்து வரவில்லை. அதனால் நானே கையைக் கட்டி, நானே ஊசி போட்டு எடுத்துக்கொண்டேன். எண்களைக் கலந்து ஒட்டியதில் பதினான்காம் எண் நான்.

நான் மருந்து டப்பாவைத் தொட்டதே கிடையாது. தோட்டத்துக்குள் போவது வருடத்துக்கு இரண்டு தரம். பொங்கலன்று கரும்பு வெட்டும்போது விரலில் ஆழமாக வெட்டிக்கொண்டேன். நாலு நாளில் காய்ந்துவிட்டது, சீழ் வைக்கவில்லை. காவலே இல்லாத ரத்தம் அதை எப்படிச் செய்தது என்று உங்கள் சாரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ‘உங்கள் இருபது பேர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். என்னைச் சேர்த்துத்தான் அந்த இருபது. அதைப் படித்தபோது பேப்பரைப் படித்ததைவிட அதிகமாக வலித்தது.

பூமாரி


கல்பாத்தி,
2 மார்ச் 2025

பூமாரிக்கு,

பதினான்கு நீயா?

அந்தத் தட்டு எனக்கு நினைவிருக்கிறது. இருபதிலும் அதிகமாகப் புள்ளி முளைத்தது அதில்தான். எண்ண முடியாமல் ‘மிக அதிகம்’ என்று எழுதிவைத்தேன். நல்ல முடிவு கிடைத்துவிட்டது என்று அன்றைக்கு அம்மாவைப் பால் பாயசம் வைக்கச் சொன்னேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

எங்கேயாவது தவறு இருக்குமா என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். கிருமி சரி, தட்டு சரி. பாலக்காட்டு ரத்தத்தில் எல்லாம் ஒழுங்காக வந்திருக்கிறது. கோபித்துக்கொள்ளாமல் ஒன்று சொல். நான் சொன்னபடி ஐஸில் வைத்துத்தானே அனுப்பினாய்?

சாரிடம் இன்னும் பேசவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. “பேச வேண்டியதைப் பேசாம இருந்தா அது ஒண்ணும் தன்னால சரியாகாதுடி, கேட்டியோ” என்கிறாள் அம்மா. அம்மாவைப் பெயர் சொல்லியே, திரிபுரசுந்தரி அம்மாளுக்கு ஐந்து வருட ஆய்வேடு என்றால் என்ன தெரியும் என்று எரிந்து விழுந்தேன். பிறகு போய் மன்னிப்புக் கேட்டேன்.

ஜானவி


பீர்மேடு,
19 மார்ச் 2025

ஜானு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகியும் பதில் எழுதவில்லை. ‘ஐஸில் வைத்துத்தானே அனுப்பினாய்’ என்று நீ கேட்டதும் எனக்கு வந்த கோபத்தில் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். தப்பைத் தூக்கி என் தலையில் கட்டப் பார்க்கிறாய் என்று நினைத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆறுமுகசாமியை நேரில் பார்த்துப் பேசலாம் என்று போடிக்குப் போனேன். வெறுங்கையோடு போகக் கூடாது என்று ரிஜோ பேக்கரியில் ஒரு கிலோ கிரீம் கேக் வாங்கினேன். ரோஜாப்பூ வைத்தது. பஸ்ஸில் கூட்டம். நசுங்கிவிடக் கூடாதே என்று டிரைவரிடம் கொடுத்து, அவர் பக்கத்தில் இருக்கிற எஞ்சின் மூடியைக் காட்டி, “அண்ணே, பானட் மேல பத்திரமா வச்சுக்கோங்க” என்றேன்.

அங்கே வீட்டில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. முருகேஸ்வரி மட்டும் தண்ணீர் கொண்டுவந்தாள். கேக் பெட்டியைத் திறந்தவள் உள்ளே பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். பூவும் இல்லை, கிரீமும் இல்லை. கூழ். “மதினி, இத எதுல வச்சு வேக வச்சீக?” என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவளே சிரித்து, ஒரு டம்ளரில் ஊற்றி ஸ்பூன் போட்டு என்னிடம் நீட்டினாள். என்னை அவள் ‘மதினி’ என்று கூப்பிட்டதற்குச் சந்தோஷப்படக்கூட என்னால் முடியவில்லை. கையில் டம்ளரோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஜானு, டிசம்பரில் உன் பெட்டியையும் நான் பானட் மேல்தான் வைக்கச் சொன்னேன்.

ஐஸ் பாக்கெட் வைத்தேன், தெர்மகோல் பெட்டியில் வைத்தேன், நாடா ஒட்டினேன். எல்லாம் நீ சொன்னபடிதான். அப்புறம் காலை பஸ்ஸில் கண்டக்டர் ஜோஜோவிடம் கொடுத்தேன். அவன் பின்னால் சாமான் வைக்கிற இடத்தில் போடப் போனான். அங்கே பலாக்காயும் டீசல் கேனும் உருளும். நான்தான் அவனை நிறுத்தி, “ரத்தம்டா அது, முன்னால பானட் மேல வை” என்றேன். இந்த மலையில் அருமையான சாமான் எதுவானாலும் அங்கேதான் போகும். எக்ஸ்ரே, கண்ணாடி, பிள்ளைக்கு வாங்கின பால் மாவு, எல்லாம் டிரைவர் கண் முன்னால் இருக்கும். டிசம்பர் பனியில் விரல் மடங்கவில்லை. அந்தக் குளிரில் சூட்டைப் பற்றி எனக்கு நினைப்பே வரவில்லை. நானும் எத்தனையோ தரம் அந்தப் பானட் மேல் கையை வைத்துக் குளிர் காய்ந்திருக்கிறேன். பாலக்காடு வர எட்டு மணி நேரம்.

லேப் வேலை பார்க்கிறவள் இதைச் செய்தாள் என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள். இருபது பேருக்கும் தெம்பில்லாமல் போனது என்னால்தான். ஈஸ்வரனிடம் சொல்லிவிட்டேன். “அப்ப ஆளு நிக்கிறான், அப்படித்தானக்கா?” என்று கேட்டான். அதற்கப்புறம்தான் அழுதான்.

என்னைத் திட்டி எழுது.

பூமாரி


கல்பாத்தி,
24 மார்ச் 2025

என் பூமாரி,

திட்டுவதற்கு எனக்கு அருகதை இல்லை. என் நோட்டுப் புத்தகத்தில் டிசம்பர் பதினான்காம் தேதி எழுதியதை இங்கே எழுதுகிறேன்: ‘பெட்டி மாலை வந்தது. ஐஸ் உருகியிருந்தது. குழாய்கள் வெதுவெதுப்பு. பெட்டியின் அடி சற்று வளைந்திருக்கிறது.’ என் கையெழுத்துதான். கீழே கோடு போட்டு, மறுநாள் வேலையை ஆரம்பித்திருக்கிறேன்.

சீரம் சூடானால் அந்தக் காவல் புரதங்கள் செத்துப்போகும் என்பது எங்களுக்கு முதல் வருடப் பாடம். தூக்கிப் போட்டிருக்க வேண்டும். நீ வீடு வீடாக அலைந்து வாங்கியதைக் கொட்ட மனம் வரவில்லை. இது பாதி உண்மை. மீதி பாதி, தட்டில் நான் ஆசைப்பட்டது முளைத்தது. ஆசைப்பட்டது கிடைத்தால் யாரும் பெட்டியின் அடியைத் திருப்பிப் பார்ப்பதில்லை. நீ தெரியாமல் செய்தாய். நான் எழுதி வைத்துக்கொண்டே செய்தேன்.

நேற்று என் ரத்தத்தையே எடுத்துச் சீரத்தை இரண்டாகப் பிரித்தேன். ஒன்று ஐஸில். இன்னொன்று ஐம்பத்தாறு டிகிரியில் அரை மணி நேரம். ஐஸில் இருந்தது சுத்தம். சூட்டில் இருந்தது முழுக்கப் புள்ளி. ஆக, கல்பாத்தி ரத்தத்துக்கும் தெம்பில்லை என்று தலைப்புப் போடலாம்.

ஏப்ரல் ஐந்தாம் தேதி சனிக்கிழமை அங்கே வருகிறேன். தட்டு, தீங்கு செய்யாத ஆய்வகக் கிருமி, அதை வளர்க்கும் சின்ன வெப்பப் பெட்டி எல்லாம் கொண்டுவருவேன். ரத்தத்தை எடுத்த இடத்திலேயே, எடுத்த கையோடு பார்ப்போம். இந்தத் தடவை எதுவும் பஸ் ஏற வேண்டாம். மறுபடி கை நீட்ட அவர்களுக்கு மனம் வருமா என்றுதான் தெரியவில்லை. யாரும் வராவிட்டால் நீயும் ஈஸ்வரனும் போதும்.

சாரிடம் பேசிவிட்டேன். நோட்டுப் புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தைப் படித்தார். பிறகு, “போய்ப் பார்த்துவிட்டு வா” என்றார்.

ஜானு


பீர்மேடு,
8 ஏப்ரல் 2025

ஜானு,

ஞாயிற்றுக்கிழமை போனில் ‘சுத்தம்’ என்ற ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்டு வைத்ததற்கு மன்னித்துக்கொள். உன் எண்ணைத் தடையிலிருந்து எடுத்ததும் பேசிய முதல் வார்த்தை அது. மீதியை எழுதுகிறேன்.

நீ சனிக்கிழமை மூன்று மணிக்கு ஜீப் ஏறிய பிறகு நான் வெப்பப் பெட்டியை விட்டு நகரவில்லை. காலையில் திறப்பதற்குள் டிஸ்பென்சரி வாசலில் முப்பது பேர். பரீட்சை முடிவு பார்க்க வந்த மாதிரி ஆளுக்கொரு சீட்டோடு நின்றார்கள். நீதான் பழைய எண்ணையே எல்லாருக்கும் எழுதிக்கொடுத்திருந்தாயே.

பெரியமுத்து அண்ணன்தான் முதல் ஆள். “போன தடவ ரத்தத்தப் பஸ்ஸுலயே வேக வச்சுப்புட்டீகளாம்ல? இந்தத் தடவயாச்சும் பச்சையா பாத்தீகளா?” என்று ஊரே கேட்க ஒரு கேள்வி. தட்டைக் காட்டினேன். வெறும் தட்டு. “ஒண்ணுமே இல்லையேத்தா” என்று முகம் வாடிப்போனார். ஒன்றும் இல்லாததுதான் நல்லது என்று புரியவைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. புரிந்ததும் அந்தத் தட்டோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

இருபதும் சுத்தம் ஜானு. தன் ஏழாம் எண்ணைப் பார்த்துவிட்டு ஈஸ்வரன் சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான். இரண்டு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் விசில் அடித்துக்கொண்டு போனான்.

பதினான்கை நான் கடைசியாகப் பார்த்தேன். அதுவும் சுத்தம்.

துகள் கலந்த தட்டுகளில் மட்டும் புள்ளி இருக்கிறது, நீ சொன்ன மாதிரியே. உன் ரத்தம் விட்ட தட்டிலும் இருக்கிறது. எல்லாவற்றையும் எண்ணி எழுதி, போட்டோவோடு வைத்திருக்கிறேன்.

பூமாரி


கல்பாத்தி,
27 ஏப்ரல் 2025

பூமாரி,

இதழுக்கு அனுப்பியிருந்த ஆய்வுக் கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டோம். ஆய்வேடு ஜூனில் இல்லை, அடுத்த வருடம்தான். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை என்பதை உன்னிடம் மறைக்க மாட்டேன். மூன்றாம் நாள் நன்றாகப் பசித்தது.

மிச்சம் இருப்பது சின்ன உண்மை, ஆனால் உண்மை. குழாயில் கலந்தால் அந்தத் துகள் ரத்தத்தின் காவலைக் குறைக்கிறது. மலை ரத்தமானாலும் கல்பாத்தி ரத்தமானாலும் ஒன்றுதான். மருந்து அடிப்பவர் உடம்புக்குள் அது போகிறதா, போனாலும் அதையே செய்கிறதா என்பது எனக்குத் தெரியாது. தெரியாது என்றே எழுதியிருக்கிறேன். தெரியும்வரை ஈஸ்வரனை மூக்குக்கும் வாய்க்கும் முகமூடி இல்லாமல் அடிக்கவிடாதே.

பேப்பருக்கும் எழுதினேன். முதலில் எட்டுப் பத்தி போட்டவர்கள் இதற்கு நாலு வரி போட்டார்கள், அதுவும் பல்பொடி விளம்பரத்துக்குக் கீழே. வெட்டி உள்ளே வைத்திருக்கிறேன். ஆறுமுகசாமிக்குத் தனியாக ஒரு கடிதமும் இருக்கிறது. ‘மாதிரியைச் சோதித்ததில் நேர்ந்த தவறு முழுவதும் என்னுடையது, அந்தக் குடும்பத்தின் ரத்தத்தில் எந்தக் குறையும் இல்லை’ என்று என் பெயரும் விலாசமும் போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறேன். கேட்பாரா என்று தெரியவில்லை. எனக்கு வேறு வழியும் தெரியவில்லை.

ஜானு


பீர்மேடு,
18 மே 2025

ஜானு,

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு நானும் ஈஸ்வரனும் போடிக்குப் போனோம். ஆறுமுகசாமி கண்ணாடி போட்டு இரண்டு தரம் படித்தார். நாலு வரியையும் படித்தார். “பேப்பர்ல என்னத்தையும் போடுவான், அத நம்பி ஒரு முடிவுக்கு வர முடியுமாம்மா?” என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. உள்ளேயிருந்து முருகேஸ்வரி சத்தம் கொடுத்தாள்: “அப்பா, மொத பேப்பர நம்புனீகள்ல? இத மட்டும் ஏன் நம்ப மாட்டேங்குறீக? அந்த அக்கா வெலாசம் போட்டு எழுதிருக்கு. தப்பு ஏந்தப்புன்னு இந்த ஊர்ல எவன் கையெழுத்துப் போட்டிருக்கான்?”

மனுஷன் மறுபடியும் அந்தக் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு ஈஸ்வரனை, “சாப்ட்டீகளா மாப்ள?” என்று கேட்டார். அவ்வளவுதான். அந்த ஒரு கேள்விக்காக நாங்கள் மூன்று மாதம் காத்திருந்தோம்.

வைகாசி இருபத்தைந்து, ஞாயிற்றுக்கிழமை, போடியில் கல்யாணம். அழைப்பிதழும் கொஞ்சம் தேயிலையும் ஜோஜோவிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். பானட் மேல்தான் வைக்கச் சொன்னேன். சூடானாலும் கெடாத சாமான்.

உன்னிடம் ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. ‘தவறு முழுவதும் என்னுடையது’ என்று யாரைக் கேட்டு எழுதினாய்? பானட் மேல் வைத்தவள் பெயரை எங்கேயும் காணவில்லையே. என் வேலைக்கு ஆபத்து வரக் கூடாது என்று விட்டுவிட்டாய். எனக்குத் தெரியாதா?

அதனால் அழைப்பிதழைப் பிரித்ததும் கீழே பார். ‘தங்கள் வருகையை எதிர்நோக்கும் மணமகனின் சகோதரிகள்’ என்று போட்ட இடத்தில் இரண்டு பெயர் இருக்கும். பூமாரி, ஜானவி. அம்மா என்ன சொல்வாள், சார் என்ன நினைப்பார் என்றெல்லாம் எழுதாதே. ஐந்நூறு அழைப்பிதழ் அடித்தாயிற்று. அச்சில் வந்ததை மாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று உனக்கே தெரியும்.

பூமாரி